வண்டிக்கு அடியில் பார்த்தவர்

ஜன்னலுக்குத் துணி அளக்கிறவனுக்கு மேடு பள்ளம் ஏறுகிற வண்டி எதற்கு என்று மாமனார் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மகள் பதில் சொல்லியிருப்பாள். அவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. அதனால் அவர் தட்டில் இருந்ததை முடித்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, "நல்ல விஷயம் மாப்ள, வாங்குங்க" என்றார். அந்த "வாங்குங்க"வில் எவ்வளவு நஞ்சு இருந்தது என்பது மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. புரிகிற ஆளாக இருந்தால் அவருக்கு அவன் மேல் இத்தனை எரிச்சல் வந்திருக்காது.

மாப்பிள்ளை திரைச்சீலைக் கடை வைத்திருந்தான். சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவு டேப். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, "இந்தக் கலர் உங்க சோபாவுக்கு நல்லா எடுக்கும் மேடம்" என்று சொல்லிப் பிழைக்கிறவன். மாமனாரோ பஸ் கம்பெனியின் பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணக்கில் ஆண்பிள்ளைகள் இரண்டே வகை: கையில் கிரீஸ் பட்டவர்கள், படாதவர்கள். மகள் இரண்டாம் வகையில் ஒருத்தனைத் தானாகவே தேடிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோது அவர் ஒரே ஒரு சொல்தான் கேட்டார். "இவனா?"

கல்யாணம் நடந்தது. பிறகு மாமனாரின் மனைவி போய்ச் சேர்ந்தாள். அவர் மகள் வீட்டு மாடியறைக்குக் குடிவந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறியவன் மாப்பிள்ளைதான். அவன் வாங்கிப் போட்ட கட்டிலில் படுத்து, அவன் தைத்து மாட்டிய திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இவனா?" என்று அவர் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைக்கக் கூடாது என்பதெல்லாம் மற்றவர்களுக்கு. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. "நீங்க சொன்னதுதான் சரிப்பா" என்று மகள் வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அதைக் கேட்காமல் கண்ணை மூடுவதில்லை என்று இருந்தார்.

இந்த வண்டிப் பைத்தியம் மாப்பிள்ளைக்கு எங்கிருந்து தொற்றியது என்றால், உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து. அங்கே ஒரு கூட்டம் இருந்தது. பேட்டரி கடைக்காரர் ஒருவர் அதற்குத் தலைவர். அவரை எல்லோரும் கேப்டன் என்றார்கள், எந்தப் படைக்கு என்று யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நல்ல தார் ரோட்டை விட்டுவிட்டுச் சேற்றைத் தேடிப் போய் விழுவது, பிறகு ஒருத்தரை ஒருத்தர் கயிறு கட்டி இழுப்பது, அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவது. சேற்றில் புரள்வதற்கு எருமை போதுமே, நாலு சக்கரமும் சுற்றுகிற வண்டி எதற்கு என்று மாமனார் நினைத்துக்கொண்டார். புதுசு வாங்கக் கூடாதாம். பழசுதான் "உண்மையான வண்டி"யாம். சாப்பாட்டு மேஜையில் கியர், ஆக்சில் என்று மாப்பிள்ளை பேசுவதைக் கேட்கும்போது, கிளிக்குப் பேச்சு வந்ததைப் பார்ப்பதுபோல அவருக்கு இருந்தது.

"மெக்கானிக் யாரையாவது கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள் மகள்.

"எதுக்கு? மாமா இருக்காரே" என்றான் மாப்பிள்ளை.

போனார்கள். முதல் வண்டியை ஒரு மர வியாபாரி வைத்திருந்தார். பளபளவென்று கழுவி நிறுத்தியிருந்தார். மாமனார் கால்மிதியைத் தூக்கி, தரைத் தகட்டில் விரலை வைத்து அழுத்தினார். விரல் மறுபக்கம் போய்விட்டது. "மழை வந்தா உள்ளேயே மீன் வளக்கலாம்" என்றார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டான். இரண்டாவது வண்டிக்காரர், குளிர்ந்த எஞ்சினிலேயே ஒரே சாவியில் எடுக்கும் என்றார். மாமனார் பேசாமல் பானட்டில் கையை வைத்தார். சுட்டது. "நாங்க வர்றதுக்கு முன்னாலயே ஒரு ரவுண்டு போயிட்டு வந்துட்டீங்க போல" என்றார். அந்த ஆள் நெளிந்தார். வீட்டுக்கு வந்து மாப்பிள்ளை மாமாவின் சாமர்த்தியத்தை நடித்தே காட்டினான். மாமனாருக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிருந்தது. அதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கெட்டது அன்று சாயங்காலம்தான். மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்து வேலை முடிந்து வந்து, மாடியில் அவர் துணியை மடித்து வைத்தபடி, "முகமே தெளிஞ்சுடுச்சுப்பா உங்களுக்கு" என்றாள். "அவர்தான் சொன்னார். மாமா ரூமுக்குள்ளயே உக்காந்து சோர்ந்து போயிட்டார், வண்டி பாக்கக் கூட்டிட்டுப் போறேன், அவருக்கும் ஒரு வேலையா இருக்கும்னு."

அவள் நல்லதாகத்தான் சொன்னாள். அவருக்குத்தான் நெஞ்சில் முள் தைத்தது. பஸ்கள் வரிசையில் நின்று தன் தலையசைப்புக்குக் காத்திருந்த காலம் போய், ஒரு துணிக்கடைக்காரன் தனக்குப் பொழுது போக்கிக் கொடுக்கிறானா? குழந்தை கையில் கிலுகிலுப்பையைக் கொடுப்பதுபோல, கிழவன் கையில் பழைய வண்டியைக் கொடுத்திருக்கிறான். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மகள் காரணம் கேட்டபோது வயிறு சரியில்லை என்றார்.

மூன்றாவது வண்டியைப் பார்க்கப் போனது இந்த மனத்தோடுதான். விற்கிற ஆள் தாடி வைத்திருந்தான். கால்சட்டையில் எண்ணி மாளாத பைகள். ஒன்றிலும் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. வண்டி பச்சை நிறம். அந்த வண்டி கனவில்கூடக் கண்டிராத மலைகளெல்லாம் அதன் பின்கண்ணாடியில் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தன. மாப்பிள்ளை முதல் பார்வையிலேயே விழுந்துவிட்டான். டேப்பை எடுத்து, தரைக்கும் வண்டி வயிற்றுக்கும் உள்ள இடைவெளியை அளந்தான். அளந்துவிட்டு, ஜன்னல் அளந்த பழக்கத்தில், இரண்டாவது தடவை சரிபார்க்கவும் செய்தான்.

தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார்கள். நாலு சக்கரத்தையும் இழுக்கவைக்கும் லீவரில் மாப்பிள்ளை கை வைத்தபோது தாடி தடுத்தான்.

"தார் ரோட்ல அதப் போடக் கூடாது சார். சேறு, மணல்ல மட்டும்தான். இல்லன்னா வண்டி கெட்டுடும்."

"தெரியும் தெரியும்" என்றான் மாப்பிள்ளை, அவசரமாகக் கையை எடுத்து. தெரிந்த விஷயத்தைச் சொன்னதில் அவனுக்குத் தாடியின் மேல் மரியாதையே வந்துவிட்டது. விஷயம் உண்மைதான். அரைகுறையாகப் படித்தவனை ஏமாற்றப் பொய் தேவையில்லை, அவன் படித்ததையே திருப்பிச் சொன்னால் போதும்.

பிறகு மாமனார் தரையில் ஓர் அட்டையை விரித்து மல்லாந்து வண்டிக்கு அடியில் போனார். எஞ்சினின் இழுப்பைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற தண்டு, ஷாஃப்ட், இருந்தது. முன்சக்கரத்துக்குப் போகிற தண்டு இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது. கழற்றிய வாயை ஒரு தகடு வைத்து மூடியிருந்தார்கள். டீசல் செலவு குறையட்டும் என்று எவனோ பழைய சொந்தக்காரன் கழற்றித் தூர எறிந்திருக்கிறான். லீவரை எவ்வளவு இழுத்தாலும் முன்சக்கரங்கள் சும்மா உருளும், அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் இதுதான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கத் தேவையில்லை. பார்க்கத் தெரிந்த யாருக்கும் ஒரு நொடி போதும்.

அவருக்கு ஒரு நொடி போதுமானதாக இருந்தது. ஆனாலும் அடியிலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தார். வெளியே மாப்பிள்ளையின் செருப்புக் கால் இரண்டும் ஆவலில் இப்படியும் அப்படியும் மாறிக்கொண்டிருந்தன. ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை முடிந்தது. வீட்டில் போய் மறுபடி நடித்துக் காட்டுவான், மகள் மறுபடி முகம் தெளிந்துவிட்டது என்பாள். சொல்லாவிட்டால்? கூட்டத்தோடு போவான். சேற்றில் நிற்பான். மகள் பார்ப்பாள். தான் கட்டிக்கொண்டது எப்பேர்ப்பட்ட ஆள் என்று, அப்பன் சொல்லி அல்ல, தன் இரண்டு கண்ணாலேயே பார்ப்பாள்.

அவர் வெளியே வந்தார், எழுந்தார், கையைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை அவர் முகத்தையே பார்த்தான். மாமனார் தாடியிடம், "இங்க டீ எங்க கிடைக்கும்?" என்று கேட்டார்.

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. அங்கேயே தாடியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். வேலியில் போன ஓணானைத் தானே எடுத்து மடியில் விட்டுக்கொண்டான் என்று நினைத்தபடி மாமனார் டீ குடித்தார். டீ நன்றாகவே இருந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் செங்கல் சூளைக்குப் பின்னால், மண் தோண்டி எடுத்த பள்ளத்தில் கூடியது. முந்தின நாள் மழையில் பள்ளம் குழம்பாகக் கிடந்தது. மகளும் வந்திருந்தாள். ஒருபோதும் இதற்கெல்லாம் வராத மாமனார் தானும் வருவதாகச் சொன்னதில் மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. கரையில் எல்லாம் தெரிகிற இடமாகப் பார்த்து மாமனார் நின்றுகொண்டார். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கேப்டன் முதலில் இறங்கி ஏறினார், மற்றவர்களும் ஏறினார்கள். மாப்பிள்ளை இறங்கினான். பாதிப் பள்ளம்கூடத் தாண்டவில்லை, வண்டி உட்கார்ந்துவிட்டது. பின்சக்கரங்கள் சேற்றை வாரி வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் எனக்கென்ன என்று நின்றன.

"ஃபோர் வீலைப் போடுங்க!" என்றார் கேப்டன்.

"போட்டுட்டேன்" என்றான் மாப்பிள்ளை உள்ளேயிருந்து. மறுபடி போட்டான். எடுத்துப் போட்டான். வண்டி இன்னும் ஒரு சாண் இறங்கியது. கரையில் ஒவ்வொரு கையிலும் போன் முளைத்தது.

கூட்டத்தில் ஒருவர் சேற்றில் முட்டி போட்டு அடியில் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கேப்டன், முன்னால ஷாஃப்ட்டே இல்ல!"

சிரிப்பு கரை முழுக்கப் பரவியது. நாலு கால் என்று சொல்லி ரெண்டு கால் குதிரையைத் தலையில் கட்டிவிட்டான் என்றார் ஒருவர். "வாங்கும்போது குனிஞ்சுகூடப் பாக்கலையா?" என்று கேட்டார் கேப்டன். மாப்பிள்ளை முழங்கால்வரை சேறாகக் கரையேறி வந்தான். காதுமடல் சிவந்திருந்தது. மாமனார் மகளின் முகத்துக்காகக் காத்திருந்தார். இத்தனை வருஷம் காத்திருந்த வாய் இப்போது திறக்கப் போகிறது.

மகள் திரும்பினாள். புருஷன் பக்கம் அல்ல, அவர் பக்கம்.

"அப்பா, நீங்கதானே அடியில பாத்தீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டான். அவள் கையைத் தொட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "விடும்மா. அவருக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல போல. தப்பு என் மேலதான். ஏதாவது இருந்தா மாமா சொல்லிடுவார்னு நான் குனியவே இல்ல. இந்த வயசுல அவரைத் தரையில படுக்க வச்சதே தப்பு. எல்லார் முன்னாலயும் அவரை எதுவும் கேக்காத."

தாழ்ந்த குரல்தான், ஆனால் மாமனாருக்குக் காது நன்றாகக் கேட்கும். கேப்டனுக்கும் கேட்டுவிட்டது. அவர் உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டு மாமனாரை ஒரு மாதிரி பரிவோடு பார்த்தார். "பாவம் பெரியவர் நிக்கிறார், ஒரு சேர் எடுத்துப் போடுங்கப்பா" என்றார். யாரோ வண்டியிலிருந்து மடக்கு நாற்காலியை எடுத்து விரித்து, அவர் முழங்கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார்.

அப்போதும் அவர் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். அன்று தாடியின் வாசலில் காத்த மௌனத்தை இன்னும் ஒரு நிமிஷம் காத்திருந்தால் எல்லாம் மூடிப் போயிருக்கும். வயசான கண், அவ்வளவுதான். ஆனால் ஒரு திரைத்துணிக்காரன் தன் கண்ணுக்காக ஊரிடம் மன்னிப்புக் கேட்பதை அவரால் தாங்க முடியவில்லை. முழங்கையை உதறினார்.

"என் கண்ணுல ஒரு கோளாறும் கிடையாது. ஷாஃப்ட் இல்லைன்னு அன்னைக்கே பாத்தேன். படுத்த உடனே பாத்தேன்."

போன்கள் இறங்கின. மாப்பிள்ளை புரியாதவன்போல அவரைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மெல்ல மெல்லப் புரிந்தது. அது முகத்தில் ஏறுவதை மாமனார் பார்த்தார்.

"பாத்தும் ஏம்ப்பா சொல்லல?" என்றாள் மகள்.

"உனக்குத் தெரியட்டும்னுதான்..." என்று ஆரம்பித்தார். என்ன தெரியட்டும் என்று வாய்விட்டுச் சொல்கிற சொல் எதுவும் அந்த இடத்தில் நிற்கவில்லை.

மகள் கோபப்படவில்லை. உதட்டின் ஒரு ஓரம் மட்டும் லேசாகக் கீழே இழுத்தது. மாப்பிள்ளை மேஜையில் கியரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மாமனாரின் உதடு அப்படித்தான் இழுக்கும். மகளுக்கு அவர் ஜாடை அப்படியே வந்திருந்தது.

"கண்ணு தெரியலைன்னே இருந்திருக்கலாம்ப்பா" என்றாள்.

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சேற்றில் இறங்கி, கேப்டன் வீசிய கயிற்றின் நுனியைப் பிடித்தாள். மாப்பிள்ளையும் அவள் பின்னால் நடந்தான். இரண்டு அடி போய் நின்று, நாற்காலி கொண்டுவந்தவரிடம் திரும்பினான். குரலில் சூடு இல்லை, மரியாதையும் குறையவில்லை. மாமா என்ற சொல் மட்டும் இல்லை.

"அந்தப் பெரியவரை உக்காரச் சொல்லுங்க" என்றான். "இங்க முடிய நேரமாகும்."

அவர் உட்கார்ந்தார்.