ஞானத்தகப்பன் சொல்ல வேண்டிய வரி

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் தனியார் டவுன் பஸ்களுக்கு டைம் கீப்பராக இருந்த ராயப்பராஜுக்கு எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எப்போது கிளம்பியது என்பதெல்லாம் அவருடைய நீள நோட்டில் இருக்கும். ஒரு நிமிஷத்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்கிற டிரைவர்கள்கூட அந்த நோட்டைத் திறந்ததும் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். பத்தொன்பது வருஷம் இப்படியே ஓடியதில், உலகத்தில் எந்தச் சண்டைக்கும் ஏதாவது ஒரு நோட்டில் பதில் எழுதியிருக்கும் என்று மனுஷர் மனதார நம்பிவிட்டார். அந்த நம்பிக்கையில் 2001ஆம் வருஷம் மண் விழுந்தது.

மண்ணைப் போட்டவர் மதியழகன் என்கிற கணக்கு வாத்தியார். சனிக்கிழமைதோறும் தோளில் ஒரு பையோடு வீடு வீடாகப் போய் வேதம் பேசுகிற சபையைச் சேர்ந்தவர். நல்ல மனுஷர், குரலை உயர்த்தவே மாட்டார். ராயப்பராஜின் வீட்டு வாசலில் நின்று, இயேசு கடவுளுடைய மகன், அதில் தனக்குச் சந்தேகமே இல்லை என்றார். ஆனால் அவரேதான் கடவுள் என்று வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது, உங்கள் புத்தகத்தையே எடுத்துக் காட்டுங்கள் என்றும் கேட்டார். வேறு எப்படிக் கேட்டிருந்தாலும், நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர்கள், போய் வாருங்கள் என்று ராயப்பராஜ் கதவைச் சாத்தியிருப்பார். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டதால் மாட்டிக்கொண்டார். அது அவர் தினமும் டிரைவர்களிடம் கேட்கிற கேள்வி.

எட்டு மாதம் சனிக்கிழமை சனிக்கிழமையாக இருவரும் உட்கார்ந்து படித்தார்கள். பிதா என்னைவிடப் பெரியவர் என்று இயேசுவே சொல்லும் இடத்தை மதியழகன் காட்டினார். கடைசி நாள் எது என்று மகனுக்கும் தெரியாது என்கிற இடத்தைக் காட்டினார். ராவெல்லாம் மலையில் ஜெபித்தாரே, அவரே கடவுள் என்றால் யாரிடம் ஜெபித்தார் என்று கேட்டார். ராயப்பராஜுக்குத் தூக்கம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால், பீடத்துக்கு மேலே சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை நிமிர்ந்து பார்க்கவே சங்கடமாக இருந்தது. கும்பிடாமல் இருந்தால் துரோகம் மாதிரி இருந்தது, கும்பிட்டால் தப்பு மாதிரி இருந்தது. நாற்பத்து மூன்று வயதில் ஒரு மனுஷனுக்கு இது தேவையா என்று அவர் மனைவி கேட்டதில் நியாயம் இருந்தது.

இதோடு போயிருந்தால் அவர் பாட்டுக்குக் குழம்பிக்கொண்டு கிடந்திருப்பார். ஆனால் அந்தச் சமயத்தில்தான் தங்கை சலேத்மேரிக்குப் பிள்ளை பிறந்தது.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. தாடிக்கொம்பு தாண்டி ஒரு கிராமத்தில் பூ விவசாயம் பார்க்கிற கிறிஸ்துராஜுக்கு அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கிறிஸ்துராஜ் தங்கமான பையன். அவனுடைய அண்ணன்தான் விஷம். நல்லது கெட்டது எந்தக் காரியத்திலும் சலேத்மேரி முன்னால் வந்து நிற்கக் கூடாது என்று பந்தியில் நாலு பேர் கேட்கச் சொன்னவன். அத்தனை வருஷமும் அவளை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தது ராயப்பராஜ்தான். பிரசவத்துக்கு ரத்தம் கொடுத்ததும் அவர்தான். மயக்கம் தெளிந்து கண் விழித்ததும் அவள் சொன்ன முதல் பேச்சு, ஞானஸ்நானத்துக்கு அண்ணன்தான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்பது. ராயப்பராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்று சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிதாவும் சுதனும் அவர் ஞாபகத்திலேயே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. தங்கையின் ஊர்ப் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஞானத்தகப்பனாக நிற்கிறவன் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு, மைக் முன்னால் தனியாக நின்று, பூசையில் சொல்கிற நீண்ட விசுவாசப் பிரமாணத்தை முழுசாகச் சொல்ல வேண்டும். பேச வாய் இல்லாத பிள்ளைக்காக அவன் சொல்கிறான் என்று கணக்கு. முன்னொரு காலத்தில், ஜெபம் ஒன்றும் தெரியாமல் கறிச்சோற்றுக்காக மட்டும் வந்து நின்றவர்களைப் பார்த்துக் கடுப்பான ஒரு சாமியார் போட்ட சட்டம் அது. அந்தப் பிரமாணத்தின் நடுவில், இயேசு மெய்யான கடவுள் என்கிற வரி வருகிறது. அதைச் சொல்லாமல் தாண்டிப் போக வழியே இல்லை.

ராயப்பராஜ் தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தார். தங்கையின் ஊர்ப் பங்குச்சாமியாரையும் மதியழகனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வரவழைத்தார். ஆளுக்கு இருபது நிமிஷம் என்றார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். புது நோட்டில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஆம், அந்தப் பக்கம் இல்லை என்று தலைப்பும் எழுதிக்கொண்டார். இரண்டாயிரம் வருஷத்துச் சங்கதியைப் பழனி வண்டிக்கும் நத்தம் வண்டிக்கும் நடக்கிற தகராறு போலத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தது அவருடைய பேதைமை.

சாமியார் நிதானமாகத் தொடங்கினார். ஆதியில் வார்த்தை இருந்தது, அது கடவுளாகவும் இருந்தது என்று யோவான் தொடங்கும் இடத்தைச் சொன்னார். உயிர்த்தவரைத் தொட்டுப் பார்த்த தோமா அவரை ஆண்டவர் என்றும் கடவுள் என்றும் அழைத்ததை, இயேசு மறுக்கவே இல்லை என்றார். பாவத்தை மன்னிக்கக் கடவுளால் மட்டும்தானே முடியும், இவர் மன்னித்தாரே என்றார். ராயப்பராஜுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதுதான் சரி என்று முடிவே பண்ணிவிட்டார். அடுத்து மதியழகன் பேசினார். ஒவ்வொரு வசனத்துக்கும் வேறு ஒரு வசனத்தை வைத்தார். அதுவும் சரியாக இருந்தது. மனுஷனாகப் பிறந்ததால் மனுஷனாகப் பேசின இடங்கள் அவை என்றார் சாமியார். அது உங்கள் விளக்கம், எழுத்தில் இல்லை என்றார் மதியழகன். பிறகு இருவரும் கிரேக்க மொழிக்குள் போய்விட்டார்கள். ராயப்பராஜ் பேனாவை வைத்துவிட்டு இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இருந்தார். கடைசியாக யார் பேசினாரோ அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே ஒவ்வொரு முறையும் பட்டது.

அவர் மனைவி வடையும் காப்பியும் வைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். சாமியார் கிளம்பும்போது ராயப்பராஜ் அவரைத் தனியாக மறித்து, உறுதியாகத் தெரியாமல் நின்றால் பாவமா என்று கேட்டார். சாமியார் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"தெரியலைன்னா பரவாயில்லப்பா, எனக்கும் தெரியாத நாள் உண்டு. இல்லைன்னு முடிவு பண்ணிட்டேன்னா மட்டும் நிக்காத."

மதியழகனிடமும் அதையே கேட்டார். நிற்பதும் நிற்காததும் உங்கள் மனசாட்சி, ஆனால் நாலு பேர் முன்னால் வாயால் சொன்னால் அது சாட்சியாகிவிடும், பொய்ச் சாட்சி சொல்லாதீர்கள் என்றார் அவர். அப்புறம் இரண்டு பேரும் ஒரே டவுன் பஸ்ஸில் ஏறி, பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மழை இல்லாததைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள். ராயப்பராஜ் நோட்டைத் திறந்து பார்த்தார். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிறைந்திருந்தது. தனக்குத் தெரியவில்லையா, இல்லை என்று முடிவு பண்ணிவிட்டோமா என்பதே அவருக்குத் தெரியவில்லை.

ஞானஸ்நானத்துக்கு ஒரு வாரம் முன்னால் தங்கை வீட்டுக்குப் போய், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். சலேத்மேரி கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். அண்ணன் நிற்காவிட்டால் யார் நிற்பார் என்பது இருவருக்கும் தெரியும். புருஷனுடைய அண்ணன் புதுச்சட்டை தைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"முன்னால வராதன்னு சொன்ன ஆளு கையில எம்புள்ளயக் குடுக்கச் சொல்றியாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். நானே வந்து நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு ராயப்பராஜ் திரும்பி வந்தார்.

ஞானஸ்நானத்தன்று கோயில் நிரம்பி வழிந்தது. வெளியே பந்தலில் பிரியாணி தம்மில் இருந்தது. ராயப்பராஜ் வெள்ளை வேட்டி சட்டையில், பிள்ளையை ஏந்திக்கொண்டு மைக் முன்னால் நின்றார். பக்கத்தில் சலேத்மேரியும் கிறிஸ்துராஜும் நின்றார்கள். சாமியார் தலையசைத்தார். ராயப்பராஜ் தொடங்கினார். வானத்தையும் பூமியையும் படைத்த பிதாவைப் பற்றிய பகுதி கணீரென்று வந்தது, அதில் அவருக்கு ஒரு தகராறும் இல்லை. ஒரே மகன் என்பதும் வந்தது, அதை மதியழகனே ஒத்துக்கொள்வார். அடுத்தது அந்த வரி. வாய் நின்றுவிட்டது.

கோயில் சுவர்க் கடிகாரம் எதிரே இருந்தது. ஐந்து நொடி, பத்து நொடி. பிள்ளை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. சலேத்மேரி அவர் பக்கம் திரும்பினாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டிக்குப் பாவமாகப் போய்விட்டது. இத்தனை கூட்டத்தைப் பார்த்ததும் மனப்பாடம் மறந்துவிட்டது போல, பாவம் தாய்மாமன் என்று நினைத்துக்கொண்டு, விட்ட வரியை எடுத்துக் கொடுத்தாள். பின்னால் இருந்த பெண்கள் இன்னும் சத்தமாக எடுத்துக் கொடுத்தார்கள். ஞாயிறு மறைக்கல்வி படிக்கிற பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு மூச்சில் கோயில் முழுக்க அந்த வரியைச் சொல்லி, நிற்காமல் அடுத்த வரிக்குப் போய், ராயப்பராஜையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. சிலுவை வந்தபோது அவர் குரலும் அதில் இருந்தது. கல்லறை, உயிர்ப்பு, பரலோகம், ஆமென் என்று முடிந்தது. சாமியார் அவரை ஒரு முறை ஆழமாகப் பார்த்தார். பிறகு தண்ணீரை ஊற்றினார். பிள்ளை வீல் என்று கத்தியது.

பந்தலில் ஆளுக்கு ஆள் அவரைக் கேலி பண்ணினார்கள். பஸ் டைமெல்லாம் தலைகீழாக ஒப்பிக்கிற ஆளுக்கு ஜெபம் பாதியில் நின்றுபோனதே என்றார்கள். புதுச்சட்டைக்காரன் கூடக் கொஞ்சம் சிரித்தான். ராயப்பராஜும் சிரித்து வைத்தார். தப்பித்தோமா மாட்டிக்கொண்டோமா என்று அவருக்கு விளங்கவில்லை. அந்த வரி ஓடும்போது தன் உதடு அசைந்ததா இல்லையா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, கோயிலின் பக்கவாட்டு வராந்தாவில் சலேத்மேரி உட்கார்ந்திருந்தாள். அண்ணனைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அங்கே வேறு யாரும் இல்லை.

"அந்த வரியச் சொன்னியாண்ணே?"

"தெரியலத்தா. சத்தியமா தெரியல."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தார். கோபப்படவில்லை.

"நீ நம்புறியா நம்பலையான்னு நான் கேக்கலண்ணே. அது உம்பாடு, ஆண்டவரு பாடு. ஆனா நீ எம்புள்ளைக்குப் பதிலா நின்ன. நீ விட்டிருந்தா அவன் விட்ட மாதிரிதான?"

ராயப்பராஜுக்குச் சுருக்கென்றது. எட்டு மாதமாகத் தன் மனசாட்சி, தன் சாட்சி, தன் நோட்டு என்றே உழன்றிருக்கிறார். தன்னிடம் இன்னொருவனுடைய சொல்லை நம்பிக் கொடுத்திருந்தார்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"இப்பச் சொல்லிரு. அவன் காதுல சொல்லு போதும்," என்று சலேத்மேரி பிள்ளையை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டார். உச்சந்தலையில் பூசிய எண்ணெய் இன்னும் மணத்தது. பிள்ளை தூக்கக் கலக்கத்தில் அவரையே பார்த்தது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். இந்தப் பிள்ளையிடம் போய், நிச்சயமாகத் தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரிச் சொல்ல மனது வரவில்லை. இல்லை என்று சொல்லவும் வரவில்லை. குனிந்து, தங்கைக்குக் கேட்காதபடி, அந்தச் சின்னக் காதில் வாயை வைத்தார்.

"மாமாவுக்கு இன்னும் தெரியலடா அப்பு. தெரிஞ்ச அன்னைக்கு மொதல்ல ஒனக்குத்தான் வந்து சொல்லுவேன்."

அண்ணனின் உதடு அசைந்து நின்றதை சலேத்மேரி பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போதுதான் மனசு ஆறியது என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டவர்களுக்கு வெற்றிலை கொடுக்கப் பந்தலுக்குப் போனாள்.