ஒரு வண்டியை விடுவது

அம்பத்தூர் எஸ்டேட்டில் மாத்திரை அட்டை பேக்கிங் செய்யும் கம்பெனியில் லாவண்யாவுக்கு வேலை ஐந்தரைக்கு முடியும். ஆறு மணிக்குள் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவாள். வீடு இருக்கும் வேப்பம்பட்டுக்குப் போகும் ரயில் வண்டி வந்து நிற்கும். ஏறமாட்டாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த வண்டிக்கு இருபது நிமிஷம். அதுவரை யாரும் அவளிடம் எதுவும் கேட்கமாட்டார்கள். இரண்டு வருஷமாகப் பைத்தியம் பிடிக்காமல் அவள் வீடு போய்ச் சேர்வது இந்தப் பழக்கத்தால்தான். வேலை முடிய ஆறாகும் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தாள்.

பக்கத்துத் தெரு புஷ்பா அதே கம்பெனியில் சேர்ந்தாள். நல்ல மனுஷி. நல்ல மனுஷிகள் வைக்கிற கொள்ளிதான் நின்று எரியும். முதல் நாளே லாவண்யாவின் மாமியார் சுசீலாவிடம் போய், "இன்னா அத்தை, லாவண்யா இன்னும் வர்லியா? நான் வந்து குளிச்சே முட்சிட்டேனே!" என்றாள்.

லாவண்யா வாசலில் கால் வைத்ததுமே சுசீலா கேட்டாள்: "அஞ்சரைக்கே விட்டுடறாங்களாமே. நடுவுல எங்கம்மா போற?"

கணவன் கோகுல்நாத் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பினான்.

லாவண்யா பூந்தமல்லி சந்தையில் தக்காளி மொத்த வியாபாரம் செய்த கஜபதியின் மகள். பத்து வேண்டுமென்றால் நாற்பது கேட்கிற குடும்பம். கோகுல்நாத்தோ ஆவடி தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். கேன்டீன் அட்டையில் எழுதியிருக்கும் விலையைக் கொடுத்தே பழகியவன். முருங்கைக்காய்க்குக்கூடப் பேரம் பேசத் தெரியாது. பயத்தில் அவளுக்கு இது மறந்துபோயிற்று. எங்கே போகிறாள் என்பதைச் சொல்லாமல் கணவனிடம் பேரத்தைத் தொடங்கினாள்.

"எனக்கு ஓய்வே இல்லீங்க. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா வேணும். சமையல் கிடையாது, துணி கிடையாது, யாரும் கூப்பிடக் கூடாது."

அவன் குதிப்பான், அரை நாளுக்கு இறங்கலாம், அப்புறம் இரண்டு மணி நேரம், கடைசியில் தோற்றவள் மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்த இருபது நிமிஷத்தை வாங்கிவிடலாம். கணக்கு இதுதான்.

"சரி" என்றான் கோகுல்நாத்.

"சரியா?"

"நியாயம்தானே, எடுத்துக்க. ஆனா இனிமே முதல் வண்டியிலயே வந்துடு. இந்த ஞாயிறே திருவேற்காடு கோயிலுக்குப் போலாம். காட்டுப்பாக்கத்துலேருந்து பத்மா அக்காவையும் வரச் சொல்றேன். நீ புளிச்சோறு மட்டும் கிளறு, வேற ஒண்ணும் செய்யாத."

சொன்ன விலைக்கே வாங்குகிறவனிடம் மாட்டிய வியாபாரிக்கு வாய் அடைத்துப்போகும். அவளுக்கும் அடைத்தது.

நாலு நாள் முதல் வண்டியில் வந்தாள். நாலாம் நாள் மகள் பென்சில் சீவித் தரச் சொன்னபோது அதை இரண்டாக ஒடித்தாள். குழந்தை அழவில்லை. அம்மா முகத்தைப் பார்த்து ஓர் அடி பின்னால் நகர்ந்தது. அதை நினைத்து நினைத்து மறுநாள் முழுக்க லாவண்யாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று மாலை வண்டி வந்ததும் லேடீஸ் பெட்டியிலிருந்து புஷ்பா கத்தினாள்: "ஏறுடி! ஜன்னல் சீட்டு புட்சி வச்சிகீறேன்!"

லாவண்யா ஏறவில்லை. வண்டி போய்விட்டது. கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை வேணாம். எனக்கு இருபது நிமிஷம் குடுங்க, போதும்."

"வாரத்துக்கா?"

"தினமும். இங்க, ஸ்டேஷன்ல."

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. சும்மா உக்காருவேன்."

"அங்க யாராவது..." என்று இழுத்தான்.

"யாராவது இருந்தா இதைவிட நல்ல பொய்யா சொல்லியிருக்க மாட்டேனா? காலைப் பிடிச்சுக் கேக்கறேங்க."

"அம்மாகிட்ட நீயே பேசிக்க" என்று வைத்துவிட்டான்.

மறு நிமிஷமே, மகன் பேசியதை அரைகுறையாகக் கேட்டிருந்த சுசீலா போன் செய்தாள். "வண்டி வரலையா?"

"வந்துச்சு அத்தை. விட்டுட்டேன்." எல்லாவற்றையும் சொன்னாள். குறைக்கவில்லை, கூட்டவில்லை.

"நானும்தான் காலையிலேருந்து உன் பிள்ளைகளோட அடைஞ்சு கிடக்கேன்" என்றாள் சுசீலா. "எனக்கு எந்த ஸ்டேஷன் இருக்கு?"

லாவண்யா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். "நான் வந்ததும் நீங்க கிளம்பிடுங்க அத்தை. எங்கன்னு கேக்க மாட்டேன். யாரையும் கேக்க விடமாட்டேன்."

"எனக்கு முட்டி வலி. மெதுவாத்தான் நடப்பேன். அரை மணி ஆகும்."

"ஆகட்டும் அத்தை." லாவண்யா மூக்கை உறிஞ்சினாள்.

"அழாத. பிளாட்பாரத்துல நாலு பேரு பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு சுசீலா போனை வைத்தாள்.