மூன்றாம் எண்ணுக்குள் தட்டியது யார்

எங்கள் பக்கம் டிரான்ஸ்பார்மர் எண்ணெய் திருடுகிறவன் பிடிபட்டால் முதலில் முழங்காலை உடைப்பார்கள். ஓடக்கூடாது அல்லவா? கழுத்தில் டயரை மாட்டிப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துவது பிறகுதான். அந்தத் திருட்டு எண்ணெயில் வறுத்த உருளைக்கிழங்கைச் சாலையோரம் நின்று தின்பதும் இதே கூட்டம்தான்.

துணைமின் நிலையத்தில் திரை பார்ப்பது என் வேலை. மூன்றாம் எண் டிரான்ஸ்பார்மரின் எண்ணெய்க்குள் மயிரிழை போன்ற கண்ணாடி இழை ஒன்றை இறக்கியிருந்தார்கள். உள்ளே மின்பொறி தெறித்தால் அந்தச் சத்தத்தில் இழை நடுங்கும். என் திரையில் கோடு துள்ளும். போன மாதம் ஒருவன் எண்ணெய் திருட வால்வைச் சுத்தியலால் தட்டியபோதும் துள்ளியது. அவனைப் பிடித்ததற்காக மேற்பார்வையாளர் கயெம்பாவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து அவருக்குக் கோடு துள்ளினாலே திருடன்தான்.

வியாழன் காலை, புங்கோமா சாலை நிறையச் சந்தைக்கூட்டம். கோடு துள்ளியது. நான் வாய் திறப்பதற்குள் கயெம்பா காவலாளிகளோடு ஓடிவிட்டார். நிலையத்து வேலி நிழலில் உட்கார்ந்திருந்தவன் சிகுகு, சோளமாவு மில்லின் மெக்கானிக். கையில் ஸ்பேனர், பக்கத்தில் மில் எஞ்சினுக்கு வாங்கிய எண்ணெய், மஞ்சள் கேனில். அவ்வளவு போதாதா? பைக் டாக்சிக்காரர்கள் கல்லோடு வந்தார்கள்.

நான் கோட்டைப் பெரிதாக்கினேன். நொடிக்கு நூறு தட்டு, ஒன்றுகூடப் பிசகவில்லை. மனிதக் கை அப்படித் தட்டாது, மின்சாரம்தான் தட்டும். உடனே மூன்றாம் எண்ணை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். ஆனால் கயெம்பாவின் உத்தரவில்லாமல் சுவிட்சைத் தொட்டால் வேலை போகும். பாழாய்ப்போன அந்த வேலைக்குப் பயந்து, அணைக்காமல் அவரைத் தேடி ஓடினேன்.

சிகுகுவின் இரண்டு முழங்காலையும் கம்பியால் நொறுக்கியிருந்தார்கள். பற்கள் மண்ணில் கிடந்தன. மில்காரரைக் கேளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருவன் அவன் கழுத்தில் டயரை மாட்டினான்.

கோளாறு உள்ளேதான் என்று கயெம்பாவிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"வாய மூடும்மா நசிமியு. ஆள் தப்புன்னு இப்பச் சொன்னா அந்த டயரு நம்ம கழுத்துக்கு வரும்."

கைபேசியிலும் அந்தக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தின் முன் நீட்டினேன்.

"திருடன் இங்க கெடக்கான். அப்ப அங்க யாருய்யா இன்னும் தட்டுறது?"

கம்பி வைத்திருந்தவன் குனிந்து பார்த்தான். டயரை மாட்டியவனே அதைக் கழற்றினான். பிழைத்துவிட்டான் என்று நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது மூன்றாம் எண் வெடித்தது. எரியும் எண்ணெய் வேலிக்கடியில் எங்களை நோக்கி வழிந்தது. கயெம்பா ஓடினார். காவலாளிகள் ஓடினார்கள். நானும் ஓடினேன்.

தீ அடங்கியபின் போய்ப் பார்த்தோம். சிகுகுவும் ஓடத்தான் பார்த்திருக்கிறான். கையால் மண்ணைப் பிறாண்டிப் பிறாண்டி இரண்டு முழம் வந்திருந்தான்.