பிளென்ஹைம் படத்தின் ஓரத்தில் நிற்பவர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபத்திலிருந்து. மூலக்குளத்தில் ராஜ்மோகன் சார் வீட்டு மாடிக்கு டைல்ஸ் பெட்டி சுமந்த வாரத்தில் வந்தது. முப்பத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றவன் நான். எழுதினால் கோபம் தீரும் என்றார்கள். தீரவில்லை.

முதல் தொடக்கம்: ‘யுத்த காலத்து வானத்திலே இரும்புப் பறவைகள்...’

அடித்துவிட்டேன். அந்த வானத்தை நான் பார்த்ததில்லை.

2

பார்த்தது ஒரு படம். சார் ரிட்டயர் ஆனவர். பழைய போர் விமானப் படங்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, எந்த விமானம், எந்த வருஷம் என்று கண்டுபிடிப்பார். அன்று திரையில் மூன்று வெள்ளைக்காரர்கள். பின்னால் குண்டு போடும் விமானம். அதற்கும் பின்னால் மண் வெட்டும் ஒரு வரிசை. எல்லாரும் குனிந்திருக்க, கடைசி ஆள் மட்டும் நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறார்.

“பிளென்ஹைம் விமானம்பா இது. டயர் தேஞ்சிருக்கிறத பாரு. மூணு பேரோட பேரும் கெடச்சிடுச்சி.”

“ஓரத்துல மண்ணு வெட்ற மம்முட்டியோட நிக்கிறது யாரு சார்?”

“அதுவா? கூலி.”

(என் தோளில் பெட்டி இருந்தது.)

3

அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். எனக்கு இரண்டு வயதில் செத்தார். இரண்டாம் உலக யுத்தத்தில், அப்போது பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊர் உறுவையாற்றிலிருந்து எல்லை தாண்டி, இங்கிலீஷ்காரன் விமானத் திடலுக்கு மண் வெட்டப் போனார். பீச்சாங்கைக்காரர். போட்டோ கிடையாது. முகம் தெரியாது.

அடிக்குறிப்பு: இடக்கைக்காரனை வரிசையின் கடைசியில்தான் நிறுத்துவார்கள். நடுவில் விட்டால் பக்கத்து ஆளின் கால் போகும்.

படத்தில் கடைசி ஆள். மண்வெட்டிப் பிடியில் இடக்கை முன்னால்.

“சார், இவரு எங்கப்பாவா இருக்கும்.”

“அட போப்பா கலை. ஆயிரம் கூலி இருந்திருப்பான்.”

இரண்டு நாள் சாப்பாட்டு நேரமெல்லாம் அந்த முகத்தின் முன்னால் நின்றேன். மூக்கு என் மூக்கு என்று முடிவு செய்தேன்.

4

மூன்றாம் நாள் சார் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

“நெகட்டிவ திருப்பி வெச்சு பிரிண்ட் போட்டிருக்கானுங்க. இந்த வண்டியோட மூக்குல இருக்கிற கண்ணாடி, பைலட் முன்னாடி பள்ளமா இருக்கணும். பைலட்டு இடது பக்கம். இதுல பள்ளம் வலதுல இருக்குது பாரு.”

ஒரு பட்டனைத் தட்டினார். படம் இடவலம் மாறியது. விமானம் சரியாகிவிட்டது. மண்வெட்டி வலக்கைக்குப் போய்விட்டது.

[இங்கே நான் அழுததாக ஒரு வரி இருந்தது. பொய். அந்தக் கம்ப்யூட்டரை மாடியிலிருந்து போட்டுடைக்கலாமா என்றுதான் நினைத்தேன்.]

சார் இன்டர்நெட்டில் போட்ட அந்தப் படத்தைப் பார்த்து, கண்ணாடிப் பள்ளம் எந்தப் பக்கம் என்று வெளிநாட்டிலிருந்து பதினோரு பேர் எழுதிக் கேட்டார்களாம். மண் வெட்டியவர் யார் என்று ஒருத்தன் கேட்கவில்லை. அவர் வெட்டிய மண் இல்லாமல் அந்த வண்டி எங்கே இறங்கியிருக்கும், வானத்திலா?

5

முடிவு ஒன்று: திட்டிவிட்டு வேலையை விட்டுப் போகிறேன். (இன்னும் நாற்பது பெட்டி இருந்தது. போகவில்லை.)

முடிவு இரண்டு: படத்தைத் தப்பாகவே வைத்துக்கொண்டு அப்பா என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த வலக்கைக்காரருக்கும் ஒரு பிள்ளை இருந்தால், அவன் அப்பாவை நான்...

நடந்தது இது. படத்தின் ஓரத்தை, அந்த ஆள் நிற்கும் பக்கத்தை, வெட்டிவிட சார் திரையில் கோடு போட்டார்.

“வெட்டாதீங்க சார்.”

“உங்கப்பா இல்லேன்னு ஆயிடுச்சே. இன்னும் உனக்கு இன்னாபா?”

“யாரோட அப்பாவோ சார்.”

“யாருன்னு ஒரு ஆள் வந்து சொல்லட்டும். வெக்கிறேன்.”

அவர் விரல் பட்டன் மேல் இருக்கிறது. கதையை இங்கேயே பிடித்து நிறுத்தியிருக்கிறேன், பெட்டியைப் பிடிப்பதுபோல. ரொம்ப நேரம் பிடிக்க முடியாது. உங்கள் வீட்டிலிருந்து அந்தக் காலத்தில் மண் வெட்டப் போனவர் யாராவது உண்டா? வலக்கைக்காரர். எல்லாரும் குனிந்திருக்கும்போது நிமிர்ந்து பார்ப்பவர்.

வந்து பெயரைச் சொல்லுங்கள்.