எந்தப் பட்டனை அழுத்துவது?

கேள்வி பதில் தளத்தில் அந்தப் பதிலைப் படித்ததும் மருந்துக்கடைக்காரிக்குப் பகீரென்றது. குளியலறைக் கறை போக பிளீச்சிங் திரவத்தில் ஆசிட்டைக் கலக்கச் சொல்லியிருந்தார் யாரோ. புகார் பட்டனைத் தொட்டால், விளம்பரமா, வசையா, பழைய கேள்வியா என்று கேட்டதே ஒழிய, உயிருக்கு ஆபத்து என்று ஒரு வரி இல்லை.

"என்ன கண்றாவிடி இது, எதை அமுக்கறது?" என்று தங்கையிடம் கத்தினாள்.

"எதையாவது அமுக்கு. கீழயும் எழுதிடுக்கா!"

'விஷப்புகை வரும், கலக்காதீங்க' என்று எழுதினாள். கண் மூடித் திறப்பதற்குள் முகம் தெரியாத நாற்பது பேர் அதையே எழுதினார்கள். எல்லாரும் கைக்கு வந்த பட்டனை அழுத்தியிருக்க வேண்டும், அந்தப் பதிலே மறைந்துபோனது.

கேள்வி கேட்டவள் தன் கேள்விக்குக் கீழே எழுதினாள்: "வாளியில ஒண்ணு ஊத்திட்டேன். இன்னொண்ணு கையில இருந்துச்சு. மூடி வெச்சிட்டேன்."

மருந்துக்கடைக்காரி தன்னையறியாமல் எழுந்து நின்றாள்.