சருகு

பொழுதுபட்டு, பள்ளிவாசலில் மஃரிபு வாங்கு சொல்லச் சற்று முன்னே, ஆளில்லாத பக்கத்து வீட்டு வளவிலிருந்து அந்த விசில் மறுபடியும் கேட்டது. தாழ்வாக ஒன்று, உயர்த்தி ஒன்று. யாரையோ பெயர் சொல்லாமல் அழைப்பது போல. கனகரெத்தினம் குடும்பம் தொண்ணூறுக் கலவரத்தில் கல்முனைக்குடி எல்லையை விட்டு ஓடிய பிறகு, இரண்டு மாரியாக அங்கே யாரும் கால் வைக்கவில்லை. முனவ்வறா தன் வேலியோரம் நின்று எட்டிப் பார்த்தாள். அந்த வீட்டுப் பூட்டின் திறப்பு அவளிடம்தான் இருந்தது. "நாங்க வரும் மட்டும் பாத்துக்க புள்ள" என்று கனகரெத்தினத்தின் பெண்சாதி செல்லத்தங்கம் அதை அவள் கையில் வைத்துப் பொத்திவிட்டுப் போயிருந்தாள்.

தெருக் காவலுக்கு நிற்கும் ஷரிபுதீனும் கேட்டுவிட்டான்.

"உள்ளுக்கு ஆரோ இருந்து இயக்கத்துக்கு சிக்னல் குடுக்கான் ராத்தா. நாளைக்கும் கேட்டா வீட்டோட கொளுத்துவம்."

"குருவியா இருக்கும் தம்பி."

"ஓம், நாளும் ஒரே நேரத்துக்குக் கூவ மணிக்கூடு கட்டின குருவி!"

விடிந்ததும் முனவ்வறா உள்ளே போனாள். பூட்டுத் துருவேறிக் கிடந்தது. யாரும் தொட்ட அடையாளமில்லை. ஆனால் பின்வளவு வளவாக இல்லை. மாவும் பலாவும் கொப்புக் கோத்து இருண்டிருக்க, சருகு கணுக்கால்வரை அவளை விழுங்கியது. அந்த இருட்டில், அவளுக்கு முன்னால், ஏதோ சருகைப் புரட்டிற்று.

ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, கட்டை வால், அதன் அடியில் இரத்தச் சிவப்பு. மாரியோடு இந்தியாவிலிருந்து வரும் காட்டுப் பறவை. விடியலிலும் மைமல் பொழுதிலும்தான் கூவும்; மற்ற நேரம் தரையில் நடந்து, சருகைப் புரட்டிப் புழு தின்னும். ஆளரவம் கேட்டால் மறைந்துவிடும். ஷரிபுதீனைக் கூட்டிவந்தால் வெறும் இருட்டைத்தான் காட்டலாம்.

செல்லத்தங்கம் இருந்தவரை வளவைத் தினமும் கூட்டினாள். கூட்டாத வளவு காடாகியிருந்தது. காடென்று நம்பிக் குருவி இறங்கியிருந்தது.

முனவ்வறா விளக்குமாற்றை எடுத்தாள். பகல் முழுக்கக் கூட்டினாள். பொழுது சாய, அஸர் தொழுகைக்குப் பிறகு, குவித்ததற்கு நெருப்பு வைத்தாள். குருவி பலா வேரில் நின்று பார்த்தது. பிறகு அங்கே இல்லை.

மைமலில் ஷரிபுதீன் மண்ணெண்ணெய்க் கலனோடு வந்து நின்றான். வாங்கு சொல்லி ஓய்ந்தது. விசில் வரவில்லை. வெறும் மணலில் விளக்குமாற்றுக் கோடுகள் வளைந்து வளைந்து வாசற்படிவரை போயிருந்தன, வீட்டுக்காரி இப்போதுதான் கூட்டிவிட்டு உள்ளே போனது போல. அவன் அதில் கால் வைக்கவில்லை.

"ஆரு ராத்தா வந்திருக்கா?"

"ஒருத்தருமில்ல. நான்தான் கூட்டின."

அவன் பூட்டைப் பார்த்தபடியே பின்வாங்கினான்.

சருகில்லாவிட்டால் புழுவில்லை; புழுவில்லாவிட்டால் அந்தக் குருவி நிற்காது. தினமும் கூட்டவேண்டும்.