முதுகின் அடியில் கேட்ட சத்தம்

சேக்காட்டு கிளினிக்கின் படியில் பாதி ஏறியதும் ஜெகதீசன் நின்று, யாரோ கூப்பிட்டதுபோல் போனை எடுத்துப் பார்த்தார். போன் அடிக்கவே இல்லை. மேலே நின்றிருந்த டாக்டர் ஹேமாவதி அதைக் கவனித்தாள். மூச்சு வாங்குவதை மறைக்கத் தெரிந்த ஆள்.

"மூணு வருசமா ஆஸ்துமான்னு பம்ப் அடிச்சிகினு கீறாரு," என்றாள் அவர் மனைவி வரலட்சுமி. "ஒண்ணும் கேக்கல டாக்டர்."

ஹேமாவதி பழைய சீட்டுகளை ஒதுக்கிவைத்தாள். ஆஸ்துமா வந்து வந்து போகும், நெஞ்சில் விசில் அடிக்கும். பீடி கெடுத்த நுரையீரல் என்றால் காலையில் சளி கொட்டும், மார்பு பீப்பாய்போல உப்பிக்கிடக்கும். இவர் பீடி பிடித்ததே இல்லை. வறட்டு இருமல். விரல் நுனிகள் தடித்து நகங்கள் வளைந்திருந்தன. முதுகின் அடியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னாள். பிள்ளைகளின் ஷூவில் ஒட்டும் பட்டையைப் பிரிக்கிற அதே சரசரப்பு, இரண்டு பக்கமும். நுரையீரலே தழும்பாகி இறுகுகிறது. இனி ஸ்கேன் அதை உறுதிப்படுத்தும், அவ்வளவுதான். எதனால் என்பதுதான் மிச்சம்.

"வீட்ல கோழி, புறா எதாவது இருக்கா?"

முதல்முறையாக அவர் முகம் மலர்ந்தது. "மாடில நாப்பது பந்தயப் புறா கீது டாக்டர். நெல்லூர்ல உட்டாகூட மதியத்துக்குள்ள ஊட்டுக்கு வந்துரும்."

ஸ்கேன் வந்த அன்று அவள் சுற்றிவளைக்கவில்லை. "அதுங்க எச்சமும் இறகுத் தூசியும்தான் காரணம். விழுந்த தழும்பு போகாது. மேல பரவாம பாத்துக்கலாம், மாத்திரை இருக்கு. ஆனா புறா இருக்கிற இடத்துல நீங்க இருக்கக் கூடாது."

"அதுங்க மேல பழி போடாதீங்க டாக்டர்." ஜெகதீசன் ஸ்கேன் படத்தைத் தள்ளிவைத்தார். வரலட்சுமி அவர் தோளில் கைவைத்து, "கூண்டோட வாங்கிக்க நான் ஆள் பாக்குறேன்," என்றாள்.

மூன்று மாதம் கழித்து வந்தவரின் மூச்சுப் பரிசோதனையில் நுரையீரலின் அளவு மேலும் குறையவில்லை. ஹேமாவதிக்கு அதுவே பெரிது. ஜெகதீசன் அந்தச் சீட்டைப் பார்க்கவே இல்லை.

"புறாங்கள பாரிவாக்கத்துல சுலைமான் பாய்கிட்ட குடுத்தேன். நேத்து தொறந்து உட்டிருக்காரு. எல்லாம் நம்மூட்டு மேல வந்துட்சுங்க. எறங்க கூண்டு இல்ல. நான் மேல போவல டாக்டர். எதிர்ல, ரோட்டாண்ட நின்னேன்."

"அப்புறம்?"

அவர் வலது கையை உயர்த்தி, அறையின் காற்றில் ஒரு வட்டம் போட்டார். பிறகு இன்னொன்று, கொஞ்சம் பெரிதாக.